கீர்த்தனையிலிருந்து பறைக்கு: தமிழ்த் திருச்சபை இசையும் தென்னாப்பிரிக்க ஒப்பீடும்

1938 டிசம்பர் 12 முதல் 29 வரை தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரி வளாகத்தில் அகில உலக மிஷனரி மாமன்றம் கூடியது. சீனத்தின் ஹாங்சோ நகரில் நடக்க வேண்டிய மாநாடு அது. சீன–ஜப்பான் போர் மூண்டதால் சென்னைக்கு மாறியது. கல்லூரியே ஜார்ஜ் டவுனிலிருந்து தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. 69 நாடுகளிலிருந்து 471 பிரதிநிதிகள் வந்தார்கள். அவர்களுள் ஒருவர் ஆல்பர்ட் லுதுலி. புலவாயோ அருகே, இன்றைய ஜிம்பாப்வே மண்ணில் பிறந்து, தென்னாப்பிரிக்காவின் நேட்டால் மாகாணத்துக் குரூட்வில்லில் ஊர்த்தலைவராக இருந்தவர். பின்னாளில் ஆப்பிரிக்க தேசிய காங்கிரசின் தலைவராகி, 1960-ஆம் ஆண்டுக்கான அமைதி நோபல் பரிசைப் பெற்றார். ஆடம்ஸ் கல்லூரியில் பாடகர் குழுவைப் பயிற்றுவித்த ஆசிரியர் அவர் என்பதை இங்கே எடுத்துச் சொல்வோர் குறைவு.

இசை தெரிந்த அந்த மனிதர் தாம்பரத்துக்கு வந்த காலத்தில், அவர் நாட்டிலும் நம் நாட்டிலும் திருச்சபைக்குள் ஒரே கேள்வி கனன்றுகொண்டிருந்தது. மக்கள் தங்கள் சொந்தப் பாட்டோடும் கொட்டோடும் கோயிலுக்குள் வரலாமா? இரண்டு இடத்திலும் விடை தாமதமாகத்தான் வந்தது. தமிழகத்தில் அந்தத் தாமதத்துக்குக் காரணம் ஐரோப்பியர் மட்டும் இல்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சீர்திருத்தச் சபையின் தமிழிசை தரங்கம்பாடியில் தொடங்குகிறது. 1706-இல் ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு வந்திறங்கிய பிறகு, ஜெர்மானியப் பாடல்கள் தமிழாக்கப்பட்டு ஜெர்மானிய மெட்டிலேயே பாடப்பட்டன. ஞானப்பாட்டு என்று இன்றும் வழங்குவது அந்த வகைதான். பின்னர் வந்த மிஷனரி பாப்ரிசியஸ் அதை வளர்த்தார். சொல் தமிழாகவும் மெட்டு அயலாகவும் இருந்த அந்தப் பாடல்களுக்கு எதிரே நிமிர்ந்து நின்றவர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864). பாளையங்கோட்டையில் பிறந்து, மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரால் தஞ்சைக்கு அழைத்து வரப்பட்டு, பின்னாளில் தஞ்சை மன்னரான இரண்டாம் சரபோஜியோடு ஒன்றாகப் படித்தவர். அரசவைக்குரிய குறவஞ்சி வடிவத்தில் ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடினார். குறத்தியும் சிங்கனும் வரும் அந்த நாடகத்துக்குள் புதிய வானியலையும் பூகோளத்தையும் துணிந்து வைத்தார். தமிழ்க் கிறித்தவ இசைக்குத் தனி முகம் கொடுத்தவர் என்று அவரைச் சொன்னால் மிகையாகாது.

இந்த இடத்தில் சற்று நிதானிக்க வேண்டும். 1820களில் தஞ்சைக்கு வந்த புதிய மிஷனரிகள் மீது சாஸ்திரியார் வைத்த குற்றச்சாட்டுகளுள் நான்கு முக்கியமானவை. பழைய வேத மொழிபெயர்ப்பை மாற்றுகிறார்கள். விசேஷங்களில் பூ வைப்பதைத் தடுக்கிறார்கள். ஆராதனையில் கீர்த்தனை பாடுவதை நிறுத்துகிறார்கள். சாதிகளை ஒன்றாகக் கலக்கச் சொல்லி வற்புறுத்துகிறார்கள். கீர்த்தனைக்காகப் போராடிய அதே கைதான் சபைக்குள் சாதி வேறுபாட்டைக் காக்கவும் எழுதியது. இந்த முரணை மூடிமறைத்துவிட்டுத் தமிழ்த் திருச்சபை இசையின் வரலாற்றை எழுத முடியாது. தமிழ் மரபைக் கோயிலுக்குள் கொண்டுவந்த முதல் அலை தஞ்சை அரண்மனை வழியாக வந்தது. சேரியின் பாட்டை அது தன்னோடு கூட்டி வரவில்லை.

பிறகு கீர்த்தனை வென்றது. மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் 1853-இல் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். இருபதாம் நூற்றாண்டில் ஈரோட்டில் பணியாற்றிய எச்.ஏ. பாப்லி கதாகாலட்சேப முறையில் நற்செய்தி சொன்னார். இந்திய இசை பற்றி 1921-இல் அவர் எழுதிய நூல் இசை மாணவர் பலருக்குத் துணையானது. தாம்பரம் மாநாடு நடந்த ஆண்டிலேயே சக்கரை, செஞ்சையா முதலிய சென்னைச் சிந்தனையாளர்கள் கிறித்தவத்தை இந்திய நோக்கில் மறுபரிசீலனை செய்யும் நூலை வெளியிட்டார்கள். இவர்கள் எல்லோருக்கும் ‘இந்தியம்’ என்றால் பெரும்பாலும் ராகம், தாளம், வேதாந்தம், பக்தி. சபையில் பெருந்தொகையாக இருந்த ஒடுக்கப்பட்ட மக்களின் தாலாட்டும் ஒப்பாரியும் நடவுப்பாட்டும் கணக்கில் வரவில்லை.

இனி ஆப்பிரிக்கப் பக்கம். சாஸ்திரியாரின் சமகாலத்தவர் ஒருவர் அங்கே இருந்தார்: கோசா இனத்தவரான நிட்சிகானா, 1821-இல் மறைந்தவர். மிஷனரிகளின் மெட்டைக் கடன் வாங்காமல் தம் மக்களின் பாடும் முறையிலேயே கடவுளைத் துதித்தார். அந்தப் பாடல்கள் வாய்வழியாகவே தலைமுறை தாண்டின. பின்னர் ஜான் நாக்ஸ் போக்வே அவற்றுக்கு இசைக்குறிப்பு எழுதினார். 1897-இல் ஈனோக் சொன்டோங்கா இயற்றிய துதிப்பாடல் இன்று தென்னாப்பிரிக்க நாட்டுப்பண்ணின் ஒரு பகுதி. லுதுலியின் நேட்டால் மாகாணத்து லேடிஸ்மித்தில் ஜோசப் ஷபலாலா 1960-இல் தொடங்கிய ‘லேடிஸ்மித் பிளாக் மம்பாசோ’ குழு, ஊரைவிட்டுச் சுரங்கத்துக்குப் போன ஜூலு தொழிலாளிகளின் விடுதிப் பாட்டையும் தேவாலயக் கூட்டிசையையும் ஒன்றாக்கி உலகமெங்கும் ஒலித்தது.

லுதுலி பிறந்த மண்ணில் நடந்தது நமக்கு இன்னும் நெருக்கமானது. முன்னோர் ஆவியை அழைக்கும் கருவிகள் என்று சொல்லி முரசையும் எம்பிரா என்னும் விரலால் மீட்டும் கருவியையும் மிஷனரிகள் அங்கே விலக்கி வைத்திருந்தார்கள். 1960களில் மெதடிஸ்ட் சபையில் ராபர்ட் காஃப்மன் உள்ளூர்க்காரர்களையே பாடல் இயற்றத் தூண்டினார். ஆபிரகாம் துமிசானி மராய்ரே போன்றோர் ஷோனா மெட்டில் பாடல் கட்டினார்கள். முரசும் ஹோஷோ என்னும் கிலுகிலுப்பையும் ஆராதனைக்குள் வந்தன. புலவாயோவில் குவானொங்கோமா இசைக் கல்லூரி எழுந்ததும் அந்தக் காலத்தில்தான். அங்கே தடுத்தவர் வெள்ளையர். தடை நீங்கியதும் ஊரே அந்த முரசைத் தன்னுடையது என்றது.

இங்கே பறைக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. வேப்ப மரச் சட்டத்தில் கன்றுத்தோலைப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டி இழுத்துக் கட்டுகிறார்கள். வாசிக்கும் முன் வைக்கோல் தீயில் காய்ச்ச வேண்டும். ஈரம் இருந்தால் ஒலி எழும்பாது. இடக்கையில் மெல்லிய சுண்டுகுச்சி, வலக்கையில் தடித்த அடிகுச்சி. செத்த மாட்டின் தோல், சாவு வீடு, கூலியில்லா ஊர்வேலை எல்லாம் அந்தக் கருவியோடு ஒட்டிக்கொண்டன. மதம் மாறியவர்களில் பலர் இழிவிலிருந்து தப்பவே பறையைக் கீழே வைத்தார்கள். ஆகவே கோயிலுக்குள் அதை எடுத்து வருவதற்குச் சொந்தச் சனங்களின் காயத்தையும் கடக்க வேண்டியிருந்தது.

கடந்தவர் ஜே. தியோபிலஸ் அப்பாவு (1940–2005). ‘பரட்டை’ என்ற பெயரில் பாட்டுக் கட்டியவர். மதுரை அரசரடியில் 1969-இல் உருவான தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியர். நாட்டார் வழக்காறு சமூக மாற்றத்துக்கு எப்படி உதவும் என்று 1986-இல் நூல் எழுதினார். கர்நாடக இசைக்குப் பயிற்சி வேண்டும், மேலை இசைக்கு ஏடும் கருவியும் வேண்டும். நாட்டுப்பாட்டை யாரும் பாடலாம், பாடுகிறவர் தன் பாட்டுக்கு வரி மாற்றிக்கொள்ளலாம். இதுதான் அவர் நிலைப்பாடு. வழிபாட்டு முறை முழுவதையும் கிராமிய மெட்டிலும் பேச்சுத் தமிழிலும் அமைத்தார். ஒரே உலையில் பொங்கிச் சேர்ந்து உண்பதை நற்கருணையோடு இணைத்துப் பேசினார். ஒரு பாத்திரத்தில் பருகுவதைச் சாஸ்திரியாரின் தலைமுறை எதிர்த்ததை நினைத்தால் இந்த மாற்றத்தின் ஆழம் விளங்கும். அவரிடம் படித்த ஆயர்கள் அந்தப் பாட்டுகளை ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள்.

கத்தோலிக்கத் தரப்பில் 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அந்தந்த மக்களின் இசைக்கு மதிப்பளிக்கச் சொன்னது. திண்டுக்கல்லில் சகோதரி சந்திரா வளர்த்த சக்தி நாட்டுப்புறக் கலை மையத்தில், ஆண்களுக்கே உரியதாக இருந்த பறையை இளம்பெண்கள் கையில் எடுத்தார்கள். என் பார்வையில் இந்த நீண்ட வரலாற்றின் மிகத் துணிச்சலான திருப்பம் அது.

தாம்பரத்திலிருந்து சிறுசேரி வரை இன்று எழும்பியிருக்கும் புதிய சபைகளில் கீபோர்டும் கிதாரும் டிரம்ஸ் பேடும் முழங்குகின்றன. அங்கே கூடுகிறவர்களில் பலர் நெல்லை, தூத்துக்குடி, மதுரைப் பக்கக் கிராமங்களிலிருந்து ஐ.டி. வேலைக்கு வந்தவர்கள். அவர்கள் வீட்டு ஆச்சிமாருக்கும் அப்பத்தாமாருக்கும் அச்சேறாத ஞானத் தாலாட்டும் கும்மியும் தெரியும். அந்தக் குரல்கள் இருக்கும்போதே செல்பேசியிலாவது பதிந்து, பாடியவர் பெயரும் ஊரும் ஆண்டும் எழுதி, ஒரு பிரதியைத் தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களுக்குக் கொடுக்கும்படி பாடகர் குழுப் பொறுப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.