விறகு அடுக்களவை

வெட்டிய விறகை ஒரே நீளமுள்ள துண்டங்களாக்கி, இருபுறமும் முளை நட்டு நெருக்கமாக அடுக்கி, அவ்வடுக்கின் நீள, அகல, உயரங்களைப் பெருக்கி மதிப்பிடும் கன அளவை முறை இது. சில்லறையாக விற்கும் விறகுக் கடைகளில் தராசே பெரும்பாலும் வழங்கிவர, பெருந்தொகையாக விறகைக் கையாளும் காட்டிலாகாக்களும் இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தொழிற்சாலைகளும் அடுக்கையே பிரமாணமாகக் கொண்டன. பச்சை விறகின் நிறையில் ஏறக்குறையப் பாதி நீராதலால், உலர உலர அதன் எடை பெரிதும் குறையும். அடுக்கின் கன அளவோ சிறிதே சுருங்கும்.

ஆங்கில வழக்கில் 8 அடி நீளமும் 4 அடி அகலமும் 4 அடி உயரமும் கொண்ட 128 கன அடி அடுக்கு ஒரு ‘கார்டு’ ஆகும். பிரான்சு தேசம் 1795-இல் மெட்ரிக் முறையை வகுத்தபோது, ஒரு கன மீட்டர் விறகுக்கு ‘ஸ்டேர்’ என்று தனிப்பெயரே இட்டது. ஆங்கிலேயர் ஆட்சியிலிருந்த இலங்கையில் 27 கன அடி கொண்ட கன யார் வழங்கிற்று. மெட்ரிக் முறை வந்தபின் கன மீட்டர் அதன் இடத்தைப் பெற்றது. ஒரு கன மீட்டர் ஏறத்தாழ 1.31 கன யார் ஆகும்.

இலங்கையின் ஊவா மாகாணத்தில் இவ்வளவை முக்கியத்துவம் பெற்றது தேயிலையால். அதற்கு முந்திய காப்பி பெரும்பாலும் வெயிலில் உலர்ந்தது. 1869-இல் தோன்றிய இலைநோய் காப்பியை அழித்தபின் பரவிய தேயிலைக்கோ, வாட்டுவதற்கும் உலர்த்துவதற்கும் இடைவிடாத அனல் வேண்டும். நூற்றுக்கு 75 பங்குக்கு மேல் நீருள்ள நாலரைக் கிலோ கொழுந்து, நீர் நூற்றுக்கு மூன்று பங்காகக் குறைந்து ஒரு கிலோ தூளாவதற்குள், ஒன்றரை முதல் இரண்டரைக் கிலோ விறகு அடுப்பில் எரிந்துவிடும். இயற்கைக் காடு அருகியபின் தோட்டங்கள் யூக்கலிப்டஸையும், மலையகத்தார் சவுக்கு எனக் கூறும் கிரேவிலியாவையும் விறகுக்கென நட்டன. பின்னர் எண்ணெய் அடுப்புக்கு மாறிய தொழிற்சாலைகள் பலவும், 1973-இல் எண்ணெய் விலை ஏறவே, மீண்டும் விறகையே நாடின.

அளக்கும் விதத்தில் கவனிக்க வேண்டிய விஷயங்கள் பல. துண்டம் 3 அடி நீளமாயின், 3 அடி உயரத்துக்கு அடுக்கியதில் ஒவ்வொரு 3 அடியும் ஒரு கன யார். எத்துணை நெருக்கி அடுக்கினும் துண்டங்களின் இடையே வெற்றிடம் இருந்தே தீரும். ஒரு கன மீட்டர் அடுக்கில் மெய்யான மரம் பெரும்பாலும் 0.6 முதல் 0.7 கன மீட்டரே. நேரான பருங்கட்டை இடத்தை நிரப்பும். கோணற்கிளை காற்றையே மிகுவிக்கும். மலைச்சரிவில் உயரத்தைச் செங்குத்தாக எடுப்பவர் நீளத்தைக் கிடைமட்டமாகவே எடுக்க வேண்டும். தரையின் சாய்வையொட்டி நாடாவை ஓட்டினால், 30 பாகைச் சரிவில் கணக்கு நூற்றுக்குப் பதினைந்து பங்கு மிகைபடும்.

விறகு வெட்டு கொந்தரப்பாக (ஒப்பந்தமாக) விடப்பட்டு, அடுக்கின் அளவுக்குக் கூலி கொடுக்கப்படுமிடத்து இந்நுட்பங்கள் யாவும் பணமாகின்றன: நெருக்கி அடுக்கினால் வெட்டியவருக்கும் தளர்த்தி அடுக்கினால் நிர்வாகத்துக்கும் நட்டம். தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்புகளான லயங்களில் எரியும் விறகோ இக்கணக்கில் சேர்வதில்லை. தேயிலைச் செடியைக் கத்தரிக்கும் கவ்வாத்துக்குப்பின் பெண்கள் கட்டித் தலைச்சுமையாகக் கொண்டுவரும் மிலாறு எனும் சுள்ளிகளுக்கு முளையும் இல்லை, நாடாவும் இல்லை.

எவ்வளவு வெட்டினார்கள் என்பதோடு எங்கே வெட்டினார்கள் என்பதும் ஊவாவின் மலைச்சரிவுகளில் அவசியமான கேள்வி. அம்மாகாணத்தின் பதுளை மாவட்டத்தில் கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தத் தோட்டத்தில் 2014 அக்டோபர் 29-இல் மண்சரிந்து லயங்களைப் புதைத்தது. இத்தகைய மலைச்சரிவுகளில் மரம் விறகாவதற்கு முன்னரே மண்ணைத் தாங்கும் பணியில் இருக்கிறது.

துண்டத்தின் நீளம், அடுக்கின் நெருக்கம், சரிவில் நாடா பிடிக்கும் விதம் ஆகிய மூன்றும் வெட்டுமுன் இருதரப்பாராலும் ஒப்புக்கொள்ளப்பட்டால் அடுக்களவை நியாயமானது. எனினும், ஈரவிறகும் உலர்விறகும் ஏறத்தாழ ஒரே இடத்தை அடைப்பதால், அனலை வாங்கும் தொழிற்சாலை கன அளவோடு ஈரத்தையும் சேர்த்துப் பார்ப்பதே முறையாகும்.