பறை தெரியுமா என்று கேட்டார்கள்

தமிழ் நாடக வரலாறு என்று எழுதப்பட்ட புத்தகங்களைப் புரட்டினால் யார் எந்த நாடகம் எழுதினார், எந்தக் கம்பெனி எந்த ஊரில் கொட்டகை போட்டது என்பதெல்லாம் கிடைக்கும். மேடையேற ஆளை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள், தேர்ந்தெடுத்தவர் யார், வாசலுக்கே வர முடியாமல் போனவர் யார் என்பதைத் தேடித்தான் பார்க்க வேண்டும். இந்த வருஷம் என் அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு ஒரு நாடகத் துறையின் நுழைவுத் தேர்வுக்குப் போய்வந்தேன். ‘ஆடிஷன்’ என்று சொல்கிறார்கள். பதினேழு வயசுப் பிள்ளை. இப்போதுதான் பிளஸ் டூ முடித்திருக்கிறது. போய்வந்த பிறகு இந்தக் கேள்வி என்னை விடமாட்டேன் என்கிறது.

1891இல் பம்மல் சம்பந்த முதலியார் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். வக்கீல்களும் படித்த பெரிய மனிதர்களும் பொழுதுபோக்காக நடித்த சபை அது. கூலிக்கு ஆடுகிற கூத்தாடிகள் நாங்கள் இல்லை என்று காட்டிக்கொள்வதில்தான் அந்தச் சபைகளுடைய கௌரவமே இருந்தது. 1918இல் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகளின் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை உருவானது. பாய்ஸ் கம்பெனிகளில் சேர்ந்த பையன்கள் பலரும் ஏழை வீட்டுப் பிள்ளைகள். தி.க. சண்முகம் ஆறு வயசிலேயே போய்ச் சேர்ந்தவர். குரல் இருக்கிறதா, பாட்டு மனசில் நிற்கிறதா, முகம் வேஷத்துக்கு ஒத்துவருமா என்று வாத்தியார் பார்த்துச் சேர்த்துக்கொள்வார். அன்றைய ஆடிஷன் இவ்வளவுதான். ஆனால் எல்லோரும் ஒரே வீட்டில் தங்கி, ஒரே அடுப்பில் சமைத்ததைச் சாப்பிட்டு வளர்கிற இடம் அது. பொதுக் கிணற்றில் தண்ணீர் மொள்ளக்கூட நமக்கு உரிமையில்லாத காலம். அந்தப் பந்தியில் ஒரு சேரிப் பையன் ‘நான் இன்னார் பிள்ளை’ என்று சொல்லிக்கொண்டு இலை போட்டு உட்கார்ந்திருக்க முடியுமா? வாசகர்களே யோசித்துக்கொள்ளலாம்.

அதனால் நம்மிடம் நாடகம் இல்லாமல் போய்விட்டதா? எங்கள் அப்பா விழுப்புரம் பக்கத்துச் சேரி ஜமாவில் துரியோதனன் வேஷம் கட்டியவர். பதினெட்டாம் போர் அன்றைக்கு விடிய விடிய ஆடுவார். முத்துவெள்ளையும் அரிதாரமும் பூசி, கிரீடமும் புஜக்கட்டையும் கட்டிக்கொண்டு திரைக்குப் பின்னால் நின்று அவர் குரல் கொடுத்தால் குழந்தைகள் நாங்கள் அம்மா மடியில் ஒளிந்துகொள்வோம். எங்கள் பக்கத்தில் ஊர்க் கூத்து வேறு, சேரிக் கூத்து வேறு. ராத்திரி முழுக்க ராஜாவாக இருந்த மனுசன் விடிந்ததும் ஊரில் எழவு விழுந்திருந்தால் பறையைத் தீயில் காய்ச்சிக்கொண்டு ஓட வேண்டும். ‘வரமாட்டேன்’ என்று சொல்ல முடியாது. கூலி என்று கையில் எண்ணிக் கொடுக்க மாட்டார்கள். படி நெல்லும் பழஞ்சோறும்தான். கூத்தை அவர் ஆசைப்பட்டு ஆடினார். பறையை அடிக்க வைக்கப்பட்டார். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அவருக்கு நன்றாகத் தெரியும். ஆராய்ச்சி செய்ய வருகிறவர்களுக்குத்தான் இரண்டும் ஒரே ‘நாட்டார் கலை’.

நம்மவர்கள் ஆடுவதைச் சாதி இந்துக்கள் எப்போதும் தடுத்தார்கள் என்பதில்லை. எந்த வேஷத்தில் ஆடுகிறோம் என்பதுதான் சிக்கல். இதற்குப் பி.கே. ரோஸியின் கதை ஒன்றே போதும். புலையர் சாதியில் பிறந்தவர். காக்காரிசி நாடகத்தில் ஆடிப் பழகியவர். காக்காரிசி ஆடியதற்காக அவரை யாரும் ஊரைவிட்டுத் துரத்தவில்லை. 1920களின் இறுதியில் ஜே.சி. டேனியல் ‘விகதகுமாரன்’ எடுத்தார். மலையாளத்தின் முதல் படம், பேசாப் படம். அதில் ரோஸிக்கு நாயர் பெண் வேஷம். திருவனந்தபுரம் கேப்பிட்டல் கொட்டகையில் படம் ஓடியபோது திரைமேல் கல் விழுந்தது. ஒரு புலையப் பெண் நாயர் பெண்ணாக நிற்பதா என்ற ஆத்திரம். ரோஸி தமிழ்நாட்டுக்குத் தப்பி வந்து, ராஜம்மாள் என்ற பெயரில் நாகர்கோவில் பக்கம் வாழ்ந்து மறைந்தார். படத்தின் ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை. பல பத்தாண்டுகளுக்குப் பிறகுதான் அவரைத் தேடி எழுதினார்கள். அவர் கதையைச் சொல்லும் ‘செல்லுலாய்ட்’ படம் வந்தது 2013இல். மலையாளத்தின் முதல் கதாநாயகிக்கு ஒரு ஆடிஷன் நடந்தது என்று வைத்துக்கொண்டால் அதை நடத்தியது டேனியல் இல்லை. கல்லெறிந்த கூட்டம்தான்.

இனி 1977க்கு வருவோம். அந்த ஒரு வருஷத்தில் பல காரியங்கள் நடந்தன. காந்திகிராமத்தில் தேசிய நாடகப் பள்ளியின் துணையோடு நாடகப் பட்டறை நடந்தது. சென்னையில் ந. முத்துசாமி கூத்துப்பட்டறையைத் தொடங்கினார். திருச்சூரில் ஜி. சங்கரப்பிள்ளை தலைமையில் நாடகப் பள்ளி வந்தது. நவீன நாடகக்காரர்கள் வேர்களைத் தேடிக் கிராமங்களுக்கு வந்தார்கள். புரிசை கண்ணப்பத் தம்பிரான் போன்ற கூத்துக் கலைஞர்களிடம் அடவு கற்றார்கள். 1984இலிருந்து பத்து வருஷம் மத்திய சங்கீத நாடக அகாதெமி, மரபுக் கலைகளை வைத்து நாடகம் செய்யும் இளம் இயக்குநர்களுக்குப் பணம் கொடுத்தது. நல்ல நாடகங்களும் வந்தன, அதை மறுக்கவில்லை. ஆனால் பறை பட்டறைக்குள் போன வேகத்தில் பறையடித்தவன் வீட்டுப் பிள்ளை மாணவனாகப் போகவில்லை. போனவர்களை விரல்விட்டு எண்ணலாம். இளையான்குடிப் பக்கத்திலிருந்து வந்த கே.ஏ. குணசேகரன் அந்த வாசலை உடைத்து உள்ளே போனவர். ‘பலியாடுகள்’ நாடகம் எழுதினார். புதுவைப் பல்கலைக்கழக நாடகப் பள்ளிக்கே தலைவரானார். 2005இல் ‘வடு’ என்று தன் வரலாற்றை எழுதினார். 2016இல் காலமானார்.

இந்த வரலாறெல்லாம் மண்டையில் இருக்கத்தான் அந்தத் தேர்வு அறை வாசலில் மர பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். எந்தத் துறை என்பது இங்கே முக்கியமில்லை. காலையில் எழுத்துத் தேர்வு. பிறகு உடல் அசைவு. மத்தியானம் ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டு, தயார் செய்துகொண்டு வந்த பகுதியை நடிக்கச் சொல்கிறார்கள். கூட வந்த அப்பா அம்மாக்களில் பாதிப் பேர் பரதநாட்டியச் சான்றிதழ், நாடக விழாப் புகைப்படம் என்று கோப்புகளை மடியில் வைத்திருந்தார்கள். எங்களிடம் சாதிச் சான்றிதழும் மதிப்பெண் பட்டியலும் இருந்தன.

எங்கள் பிள்ளை எடுத்துக்கொண்டது சோபோக்ளிசின் ‘ஆன்டிகனி’. செத்துக் கிடக்கும் அண்ணனைப் புதைக்கக் கூடாது என்று ராஜா கட்டளை போடுகிறான். தங்கச்சிக்காரி போய் மண்ணள்ளிப் போடுகிறாள். அகப்பட்ட பிறகும் ‘நான்தான் போட்டேன்’ என்று ராஜா எதிரில் நிற்கிறாள். எங்கள் ஊரில் சேரிப் பிணம் ஊர்த்தெரு வழியாகப் போகக் கூடாது. மழைக்காலத்தில் வரப்பில் சறுக்கி விழுந்து, முழங்கால் தண்ணியில் பாடையைத் தூக்கிக்கொண்டு போவோம். கதையைப் படித்துவிட்டு, “இது நம்ம சுடுகாட்டுப் பாதைப் பிரச்சனைதானே மாமா?” என்று அவள் கேட்டாள். வசனத்தைத் தன் பேச்சிலேயே எழுதிக்கொண்டாள்.

உள்ளே நடந்ததை வெளியே வந்து டீக்கடையில் சொன்னாள். நடித்து முடித்ததும் மூன்று பேரில் ஒருவர் நல்லா இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். எந்த ஊர், அப்பா என்ன செய்கிறார், தாத்தா என்ன செய்தார் என்று அன்பாகத்தான் விசாரித்திருக்கிறார். பிறகு, “கிரேக்க நாடகம் யார் வேணும்னாலும் பண்ணுவாங்கம்மா. உன் மண்ணோட கலையைக் காட்டேன். பறை தெரியுமா? ஒப்பாரி வருமா?” என்று கேட்டிருக்கிறார். மூலையில் ஒரு பறையும் இருந்திருக்கிறது.

இவள் சொன்ன பதில்: “தெரியாது சார். எங்க தாத்தா அடிச்சாரு. அவரு இஷ்டப்பட்டு அடிக்கல. இங்க பாடமா வச்சீங்கன்னா எல்லாரோடயும் சேர்ந்து நானும் கத்துக்கறேன்.”

சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, “தப்பா மாமா?” என்றாள். “இல்லடா கண்ணு” என்றேன். ரெண்டு பேரும் இன்னொரு டீ குடித்தோம்.

பறை பற்றி 1990களில் நமக்குள்ளேயே பெரிய விவாதம் நடந்தது. அடிமைத் தொழிலின் அடையாளம், தூக்கி எறி என்றார்கள் ஒரு பக்கம். எங்கள் தெரு அப்படித்தான் முடிவெடுத்தது. ஊர்ச் சாவுக்கு இனிமேல் அடிப்பதில்லை என்றதும் கழனி வேலை நின்றது, கடையில் சாமான் நின்றது, மாடு மேய்க்க இடமில்லை. அப்படியும் அப்பா அதை மறுபடி தோளில் மாட்டவில்லை. இன்னொரு பக்கம், அது போர்ப்பறை, நம் கையில் எடுத்து நம் மேடையில் அடிப்போம் என்றார்கள். மதுரையில் தலித் ஆதார மையம் நடத்திய தலித் கலை விழாக்களில் பறை தலைநிமிர்ந்து ஒலித்தது. இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. இரண்டிலும் முடிவெடுத்தவர்கள் நாம். ஆடிஷன் அறையில் அந்த முடிவை வேறு ஒருவர் எடுக்கிறார், அதுவும் மார்க் போடுகிற பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு. இட ஒதுக்கீடு நம் பிள்ளையை அந்த அறைக்குள் கொண்டுபோய் நிறுத்துகிறது. உள்ளே போன பிறகும் ‘உன் இடம் அந்த மூலையில் இருக்கிற பறைக்குப் பக்கத்தில்’ என்று காட்டினால் அது சேரியைக் கட்டடத்துக்குள் கட்டுகிற வேலை. கேட்டவருக்குக் கெட்ட எண்ணம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. ரோஸிமேல் எறிந்த கல்லும் இதுவும் ஒன்றில்லை. ஆனால் ஒரு தலித் பெண் எந்த வேஷத்தில் நிற்கலாம் என்பதை அடுத்தவர் தீர்மானிக்கிற அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. வேறு சாதிப் பிள்ளை ஆன்டிகனியாக நின்றால் அது நடிப்பு. நம் பிள்ளை நின்றால் ‘உன் மண் எங்கே’ என்ற கேள்வி.

இதை எழுதும் நாள்வரை பட்டியல் வரவில்லை. அவள் பெயர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நமக்குச் சில வேலைகள் இருக்கின்றன. நாடகத் துறைகளின் தேர்வுக் குழுவில் நம் கலைஞர்கள் உட்கார வேண்டும் என்று கேட்க வேண்டும். பறையும் ஒப்பாரியும் பாடமென்றால் எல்லா மாணவர்களுக்கும் பாடமாக இருக்கட்டும். சொல்லிக்கொடுக்கிற சேரிக் கலைஞருக்கு ஆசிரியர் சம்பளம் கிடைக்கட்டும், சால்வை வேண்டாம். சேரி ஜமாக்களில் வேஷம் கட்டியவர்கள் இன்னும் கொஞ்சப் பேர் உயிரோடு இருக்கிறார்கள். அவர்கள் எப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள், யார் சொல்லிக்கொடுத்தது, எதை ஆசைப்பட்டு ஆடினார்கள், எதைக் கட்டாயத்தில் செய்தார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் அப்பாவிடம் நான் கேட்டு எழுதியது நாற்பது பக்கம் இருக்கிறது. உங்கள் ஊரிலும் இருக்கும்.