கல்லும் சொல்லும்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் நாம் கதிர்காமத்தில் வள்ளியம்மையை வணங்குகின்றோம். அவ்வன்னை எங்கள் குலமகள் என உரிமை பாராட்டும் வேடரின் தொன்மையை எண்ணிப் பார்த்தோமா?

1907ஆம் ஆண்டிலே சுவிற்சர்லாந்து அறிஞராகிய சரசின் குடும்பத்து உறவினர் இருவர், நில்கலக் குகைகளில் வெண்படிகக் கல்லிற் செதுக்கிய சிறு கத்திகளையும் கூர்முனைகளையும் கண்டெடுத்தனர். களுத்துறை மாவட்டத்துப் பாகியங்கலக் குகையிற் கிடைத்த அத்தகைய கருவிகள் ஏறக்குறைய 45,000 ஆண்டுப் பழமையுடையன என்பது 2019இல் வெளியாயிற்று. அவற்றைச் செய்தோரின் வழிவந்தோரே வேடர் என ஆராய்ச்சியாளர் பலர் கருதுவர்.

காலப்போக்கில் இரும்பு வந்தது. வேடர் இரவிலே கொல்லன் பட்டறையில் இறைச்சியைத் தொங்கவிட்டு, வேண்டிய அம்பின் வடிவை இலையில் வெட்டி வைப்பர் என றொபேட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூல் கூறுகின்றது. கல்லைச் செதுக்கும் கைத்தொழில் மறைந்தது. முன்னோர் வழிபாடோ மறையவில்லை. இறந்த உற்றாரை அழைத்துப் படையலிடும் அவர்தம் வழக்கத்தைச் செலிக்மன் 1911இல் விரித்தெழுதினார். வாகரைப் பகுதியில் வாழும் வேடரோ நம் தமிழையே பேசுபவர்.

இளைஞர்காள்! கல் மண்ணுக்குள்ளே கெடாது கிடக்கும்; எப்போது தோண்டினும் கிடைக்கும். குலக்கதையோ முதியோர் நாவிலன்றி வேறெங்கும் வாழாது. அவர் மறைந்தால் அதுவும் மறையும். வேடர்க்குப் பொருந்தும் இவ்வுண்மை நமக்கும் பொருந்தும். கேட்க வேண்டியதை இன்றே கேட்போமாக!