எகிப்து ஆய்வுக் கழகம்

எகிப்து ஆய்வுக் கழகம் லண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட தொல்லியல் அமைப்பு. 1882இல் ‘எகிப்து ஆய்வு நிதியம்’ என்ற பெயரில் தொடங்கி, 1919இல் இப்போதைய பெயரைச் சூட்டிக்கொண்டது. எகிப்திலும் அதன் தெற்கே நூபியாவிலும் அகழாய்வு செய்வது, கோயில்களிலும் கல்லறைகளிலும் உள்ள சுவர்ச் சிற்பங்களையும் எழுத்துகளையும் படியெடுப்பது, கிடைத்தவற்றை நூலாக்கி வெளியிடுவது ஆகியவை இதன் வேலைகள். உறுப்பினர் சந்தாவும் நன்கொடையுமே பெரும்பாலும் இதை நடத்திவந்தன. அரசர்களின் கோயில்களைக் காப்பாற்ற வேண்டும் என்று கிளம்பிய கழகம், இன்று உலகெங்கும் அறியப்படுவது பஹ்னஸா என்ற ஊரின் குப்பைமேட்டிலிருந்து அள்ளிவந்த தாள்களால்.

தோற்றம்

கழகத்தைத் தோற்றுவித்தவர் ஒரு நாவலாசிரியர். அமேலியா எட்வர்ட்ஸ் (1831–1892) பிரான்சுக்குப் படம் வரையப் போனவர். அங்கே மழை விடாமல் கொட்டியதால், வெயில் தேடி 1873இன் இறுதியில் எகிப்துக்குப் போய்ச் சேர்ந்தார். நைல் நதியில் படகு அமர்த்தி, இரண்டாம் அருவி வரை சென்று திரும்பினார். அந்தப் பயணத்தைப் பற்றி அவர் எழுதிய நூல் பெரும் வரவேற்பைப் பெற்றது. ஆனால் வழிநெடுக அவர் கண்டவை நிம்மதி தரவில்லை. பயணிகள் சுவர்களில் தங்கள் பெயரைக் கீறினார்கள். உள்ளூர் வியாபாரிகள் கல்லறைகளைப் பெயர்த்து விற்றார்கள். அருங்காட்சியக முகவர்கள் அவற்றை வாங்கினார்கள். இதற்கு முறையான அகழாய்வு ஒன்றே மருந்து என்று முடிவு செய்த அவர், நாவல் எழுதுவதை ஏறக்குறைய நிறுத்திவிட்டு, நிதி திரட்டும் கடிதங்களை எழுதத் தொடங்கினார்.

பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவுத் தலைவர் ரெஜினால்டு ஸ்டூவர்ட் பூலும், தோல்நோய் மருத்துவர் எராஸ்மஸ் வில்சனும் அவருடன் சேர்ந்தார்கள். ‘கிளியோபாட்ராவின் ஊசி’ எனப்படும் கற்கம்பத்தை லண்டனுக்குக் கொண்டுவரும் செலவை ஏற்றவர் இந்த வில்சன்தான். புதிய நிதியத்துக்கும் முதலில் பணம் கொடுத்தவர்களில் ஒருவர். நிதியம் பிறந்த அதே ஆண்டில் பிரிட்டிஷ் படை எகிப்தைக் கைப்பற்றியது. பின்னால் கிடைத்த அனுமதிகளும் வசதிகளும் அந்த ஆட்சியின் நிழலில் கிடைத்தவை என்பதை மறைத்துவிட்டு இக்கழகத்தின் வரலாற்றை எழுத முடியாது.

முதல் அகழாய்வை 1883இல் சுவிட்சர்லாந்துக்காரரான எடுவார் நவீல் நைல் கழிமுகத்தின் கிழக்கே தெல் எல் மஸ்கூத்தாவில் நடத்தினார். இடத்தைத் தேர்ந்ததில் தந்திரம் இருந்தது. இஸ்ரவேலர் எகிப்தை விட்டு வெளியேறிய வழியைக் காட்டுகிறோம் என்றால் பைபிள் வாசிக்கும் மக்கள் பணம் தருவார்கள், தந்தார்கள். அங்கே யாத்திராகமம் கூறும் பித்தோம் நகரைக் கண்டுவிட்டதாக நவீல் 1885இல் நூல் வெளியிட்டார். அந்த அடையாளம் பற்றிய விவாதம் இன்றும் ஓயவில்லை.

பெட்ரியும் சில்லுகளும்

நவீல் பெரிய கற்களையும் கல்வெட்டுகளையும் தேடியவர். அடுத்து வந்த ஃபிளிண்டர்ஸ் பெட்ரி உடைந்த பானை ஓட்டைக்கூட விடாதவர். இருவருக்கும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. தொல்லியலுக்கு எது நல்லது என்ற வாக்குவாதத்தில் காலம் பெட்ரி பக்கமே தீர்ப்பளித்தது.

கிஸா பிரமிடுகளை அளந்து பெயர் பெற்றிருந்த பெட்ரி, 1884இல் நிதியத்துக்காகத் தானிஸ் நகரில் தோண்டினார். கிஸாவில் ஒருவரிடம் வாங்கிய சிறு கிரேக்கச் சிலை எந்த ஊர் மண்ணிலிருந்து வந்தது என்று விசாரித்துக்கொண்டே போனவர், கழிமுகத்தின் மேற்கே ஒரு மேட்டை அடைந்தார். தங்கப்போன வீட்டின் வாசலில் கிடந்த கல்லிலேயே நௌக்ராட்டிஸ் என்ற பெயர் வெட்டப்பட்டிருந்தது. எகிப்தில் கிரேக்கர் வாணிபம் செய்த துறைமுக நகரம் அது. அதுவரை அதன் இடம் யாருக்கும் தெரியாது.

1899 முதல் அவர் அபிடோஸில் நடத்திய ஆய்வு, எகிப்தின் முதல் வம்ச அரசர்களைக் கதையிலிருந்து வரலாற்றுக்குக் கொண்டுவந்தது. அதே இடத்தைச் சில ஆண்டுகள் முன்பு தோண்டியவர்கள் விட்டுச்சென்ற மண்ணை மீண்டும் சலித்தே பல கண்டுபிடிப்புகள் கிடைத்தன. ஜேர் மன்னனின் கல்லறையில், சுவர்த் துளையொன்றில், துணி சுற்றிய கை ஒன்று கிடந்தது. அதில் தங்கமும் நீலக்கல்லும் கோத்த நான்கு வளையல்கள். அவை கெய்ரோ அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அங்கே வளையல்களை எடுத்துவைத்துக்கொண்டு கையையும் துணியையும் எறிந்துவிட்டார்கள். ஐயாயிரம் ஆண்டு நெசவு அப்படிப் போனது. பெட்ரி இதை ஆயுள் முழுக்க மறக்கவில்லை.

1903இல் அங்கேயே தலையில்லாத சிறு தந்த உருவம் ஒன்று கிடைத்தது. அதில் கூஃபு மன்னனின் பெயர் இருப்பதைப் பார்த்த பெட்ரி, மற்ற வேலையை நிறுத்திவிட்டுத் தோண்டிக் கொட்டிய மண்ணையெல்லாம் சலிக்கச் சொன்னார். மூன்று வாரம் கழித்துத் தலை அகப்பட்டது. மாபெரும் பிரமிடைக் கட்டியவனுக்கு முழுமையாகக் கிடைத்துள்ள ஒரே சிலை ஏழரை சென்டிமீட்டர் உயரம்தான்.

சலித்த கைகள் எகிப்தியருடையவை. பெட்ரி பயிற்றுவித்த கிஃப்த் ஊர்த் தொழிலாளர்களின் வழித்தோன்றல்கள் பல தலைமுறைகளாக எகிப்திய அகழாய்வுகளில் மேஸ்திரிகளாக இருந்தார்கள். ‘கிஃப்தி’ என்ற சொல்லே கைதேர்ந்த அகழாய்வுத் தொழிலாளியைக் குறிக்கலாயிற்று. பழைய அறிக்கைகளின் முகப்பில் அவர்கள் பெயரைத் தேடிப் பயனில்லை.

படியெடுக்கும் பணி

தோண்டுவதைவிட அவசரமான வேலை ஒன்று உண்டு என்பதைக் கழகம் விரைவிலேயே உணர்ந்தது. திறந்து கிடக்கும் சுவர் ஒவ்வோர் ஆண்டும் அழிகிறது. 1890இல் சுவர் ஓவியங்களையும் எழுத்துகளையும் படியெடுக்கத் தனிப் பிரிவு ஏற்பட்டது. பெனி ஹசன் கல்லறைகளில் வரைய 1891இல் பதினேழு வயதுப் பையன் ஒருவனைச் சேர்த்தார்கள். அவன் பெயர் ஹோவர்டு கார்ட்டர். பின்னர் அவர் தெய்ர் எல் பஹ்ரியில் நவீலின் கீழ், அரசி ஹட்செப்சுத் கட்டிய கோயிலின் சிற்பங்களைப் பல ஆண்டுகள் வரைந்தார். துட்டன்காமன் கல்லறையை அவர் திறந்தது 1922இல், வேறொருவர் செலவில். ஆனால் அவர் கண்ணும் கையும் பழகியது இந்தக் கழகத்தின் ஊதியத்தில்தான்.

அபிடோஸில் முதலாம் சேத்தியின் கோயிலை ஏமிஸ் கால்வர்லி, மிர்ட்டில் புரூம் என்ற இரு பெண்கள் 1930களில் படியெடுத்து வண்ணத்துடன் பதிப்பித்தது, இத்துறையில் இன்றும் அளவுகோலாக நிற்கும் பணி. அமெரிக்கச் செல்வந்தர் ராக்ஃபெல்லர் தந்த பணம் அதற்குக் கைகொடுத்தது.

பஹ்னஸாவின் குப்பைமேடு

கெய்ரோவுக்குத் தெற்கே ஏறக்குறைய 160 கிலோமீட்டரில், நைலின் கிளையான பஹர் யூசுஃப் கால்வாயை ஒட்டியிருக்கிறது பஹ்னஸா. கிரேக்க, ரோமானிய ஆட்சியில் இது ஆக்ஸிரிங்கஸ் என்ற மாவட்டத் தலைநகர். ஊரார் நூற்றாண்டுக் கணக்கில் கிழிந்த தாள்களைக் கூடையில் அள்ளி ஊருக்கு வெளியே கொட்டினார்கள். மழை அனேகமாக இல்லை. நைலின் வெள்ளமும் மேட்டுக்கு ஏறவில்லை. பப்பைரஸ் நாணலில் செய்த தாள் மக்கிப்போக வழியே இல்லாமல் போயிற்று.

ஆக்ஸ்ஃபோர்டு பட்டதாரிகளான பெர்னார்டு கிரென்ஃபெல், ஆர்தர் ஹண்ட் என்ற இரு இளைஞர்கள் 1896–97 குளிர்காலத்தில் அங்கே போனார்கள். தொடக்கத்திலேயே ஹண்டின் கையில் கசங்கிய ஏடு ஒன்று சிக்கியது. அதில் ‘துரும்பு’ என்று பொருள்படும் அரிதான கிரேக்கச் சொல் கண்ணில் பட்டது. சகோதரன் கண்ணிலுள்ள துரும்பைப் பற்றிய பைபிள் வசனம் நினைவுக்கு வர, அது இயேசுவின் மொழிகள் அடங்கிய ஏடு என்று தெரிந்தது. அதே ஆண்டில் தனிச் சிறு நூலாக அச்சாகிப் பரபரப்பை உண்டாக்கிய அந்த ஏடு, தோமாவின் நற்செய்தி என்ற நூலின் ஒரு பகுதி. 1945இல் நாக் ஹமாதியில் அந்நூலின் கோப்து மொழிப் பிரதி முழுமையாகக் கிடைத்த பிறகுதான் இது உறுதியானது.

கிரேக்கப் பப்பைரஸ்களுக்கென 1897இல் கழகம் தனிப் பிரிவு கண்டது. 1898இல் முதல் தொகுதி வெளிவந்தது. இருவரும் 1903 முதல் 1907 வரை குளிர்காலந்தோறும் மீண்டும் தோண்டினார்கள். ஆக்ஸ்ஃபோர்டுக்கு வந்த துண்டுகள் ஏறக்குறைய ஐந்து லட்சம் என்பது மதிப்பீடு. தொகுதிகள் எண்பதைத் தாண்டிவிட்டன. பதிப்பித்தவை ஐயாயிரத்துக்குச் சற்று மேல். நூறு துண்டுக்கு ஒன்று என்ற கணக்கு.

சாப்போவின் கவிதைகள், பிண்டாரின் பாடல்கள், சோஃபக்ளீஸின் தொலைந்துபோன நாடகம் ஒன்றின் பெரும்பகுதி என இலக்கியச் சேர்க்கை பெரிது. ஆயினும் அறிஞரல்லாத வாசகருக்கு நெருக்கமானவை அன்றாடக் கடிதங்களே. தன்னை அலெக்சாந்திரியாவுக்குக் கூட்டிப்போகாத அப்பாவுக்கு, கூட்டிப்போகாவிட்டால் சாப்பிட மாட்டேன், தண்ணீரும் குடிக்க மாட்டேன் என்று எழுத்துப்பிழை மலியக் கடிதம் எழுதிய தேயோன் என்ற சிறுவனை 119ஆம் எண்ணில் பார்க்கலாம். 744ஆம் எண் கி.மு. 1ஆம் ஆண்டைச் சேர்ந்தது. வேலைக்காக வெளியூர் போயிருந்த ஹிலாரியோன், கருவுற்ற மனைவிக்கு அன்பாக எழுதுகிறான். பிறப்பது ஆணானால் வைத்துக்கொள், பெண்ணானால் எறிந்துவிடு என்று அதே அன்பின் நடுவே சொல்லிவிட்டுப் போகிறான். உசிலம்பட்டிப் பெண்சிசுக் கொலைச் செய்திகளைப் படித்து வளர்ந்த தலைமுறைக்கு இந்தத் தாள் அயலாகத் தோன்றாது.

413ஆம் எண்

தென்னிந்தியாவுக்கும் இந்தக் குப்பைமேட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1903இல் மூன்றாம் தொகுதியில் அச்சான 413ஆம் எண், கி.பி. இரண்டாம் நூற்றாண்டு ஏட்டில் எழுதப்பட்ட கேலி நாடகம். கரிதியோன் என்ற கிரேக்கப் பெண் இந்தியக் கடற்கரையில் ஒரு மன்னனிடம் அகப்பட்டுக் கோயிலில் இருக்கிறாள். அவளை மீட்க அண்ணன் கப்பலில் வருகிறான். மன்னனுக்கும் பரிவாரத்துக்கும் நீர் கலக்காத மதுவை ஊற்றிக்கொடுத்து, மயக்கத்தில் தப்பிப்போகிறார்கள். கோமாளியின் ஆயுதம் குசு. எங்கே முரசு அடிக்க வேண்டும் என்ற குறிகள்கூட ஏட்டில் உள்ளன. நாடகக் குழுவின் கைப்பிரதியாகவே இருந்திருக்க வேண்டும்.

அந்த மன்னனும் ஆட்களும் கிரேக்க எழுத்தில் ஏதோ ஒரு மொழி பேசுகிறார்கள். 1904இல் அது கன்னடம் என்று எழுதியவர் ஹூல்ட்ஷ் (Hultzsch என்பதன் ஒலிப்பு) என்ற ஜெர்மானியர். சென்னை அரசின் கல்வெட்டாய்வாளராக இருந்து தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் பதிப்பித்த அதே ஹூல்ட்ஷ்தான். கிண்ணத்தில் கொஞ்சம் மது ஊற்றுவதாக ஒரு வரியை அவர் படித்தார். கன்னட அறிஞர் பலர் ஏற்றார்கள்; துளு என்று வாதிட்டவர்களும் உண்டு. 1926இல் கழகத்தின் ஆய்விதழிலேயே எல். டி. பார்னெட் மறுப்பு எழுதினார்; அவர் பிரிட்டிஷ் அருங்காட்சியகத் தமிழ் நூல்களுக்குப் பட்டியல் தயாரித்தவர்களில் ஒருவர். மேடையில் சிரிப்பூட்ட எழுதிய உளறலாகவும் அது இருக்கலாம். நடுவிலே தெரிந்த சொல் ஒன்றிரண்டு கேட்பதால் மட்டும் மொழியை முடிவு செய்ய முடியாது என்பதே இக்கட்டுரையாளர் கருத்தும்.

தமிழ் வாசகர் குழப்பிக்கொள்ளக் கூடாத ஒன்று: செங்கடல் கரையில் குசேர் அல் காதிமிலும் பெரெனிகேயிலும் கிடைத்த தமிழ் பிராமி எழுத்துள்ள ஓடுகள் இக்கழகத்தின் கண்டுபிடிப்புகள் அல்ல. அவை பிற்காலத்தில் வேறு பல்கலைக்கழகக் குழுக்கள் கண்டெடுத்தவை.

இருபதாம் நூற்றாண்டில்

1914இல் கழகத்தின் ஆய்விதழ் தொடங்கியது. எகிப்தியலின் முதன்மை இதழ்களுள் ஒன்றாக இன்றும் வெளிவருகிறது. 1921 முதல் 1936 வரை அகெனாத்தனின் தலைநகரான அமர்னாவில் அகழாய்வு நடந்தது. அதன் பிற்காலத் தலைவர் ஜான் பெண்டில்பரி 1941இல் கிரீட் தீவில் ஜெர்மன் படையால் கொல்லப்பட்டார். அஸ்வான் பேரணையின் நீர் நூபியாவை மூழ்கடிக்கவிருந்தபோது பூஹெனிலும் கஸ்ர் இப்ரிமிலும் கழகம் தோண்டியது. வால்டர் எமெரி 1964 முதல் சக்காராவில், கட்டடக் கலைஞன் இம்ஹோத்தெப்பின் கல்லறையைத் தேடினார். அகப்பட்டவை, பதப்படுத்திய அரிவாள்மூக்கன் பறவைகள் அடுக்கடுக்காக வைக்கப்பட்ட நிலவறைகள். கல்லறையைக் காணாமலேயே 1971இல் எமெரி இறந்தார்.

பங்கீடும் கணக்கும்

அகழ்ந்த பொருள்களில் ஒரு பகுதி எகிப்துக்கு, மறுபகுதி அகழ்ந்தவருக்கு என்ற ஏற்பாடு நெடுங்காலம் இருந்தது. பணம் தந்த அருங்காட்சியகங்களுக்குக் கழகம் தன் பங்கைப் பிரித்தனுப்பியது. ஒரே கல்லறையின் பானை ஓர் ஊரிலும் மணிமாலை வேறொரு கண்டத்திலும் போய்ச் சேர்ந்தன. 1983இல் எகிப்தின் புதிய சட்டம் இதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. எது எங்கே போனது என்பதைத் தேட இன்று ஆய்வாளர்கள் நம்புவது கழகத்தின் பழைய பங்கீட்டுப் பட்டியல்களையே.

கணக்கு வைப்பதன் அருமை இன்னொரு வகையிலும் தெரிந்தது. தன் சேகரிப்பைச் சேர்ந்த 13 துண்டுகள் வாஷிங்டனின் பைபிள் அருங்காட்சியகத்தில் இருப்பதாக 2019 அக்டோபரில் கழகம் அறிவித்தது. அவை அனுமதியின்றி எடுத்து விற்கப்பட்டவை. திருப்பித் தர அருங்காட்சியகம் இசைந்தது. களவைக் காட்டிக்கொடுத்தவை, கழகத்திடம் தனியே இருந்த மாற்றுப் பதிவுகள். எடுத்தவர் பெரும்பாலான துண்டுகளின் பட்டியல் அட்டைகளையும் நிழற்படங்களையும் சேர்த்தே எடுத்திருந்தார். அவற்றுக்கு வேறு பதிவு இருந்ததை அவர் நினைக்கவில்லை போலும்.

2011இல் துண்டுகளின் படங்களை இணையத்தில் இட்டு, எழுத்து எழுத்தாக அடையாளம் காணப் பொதுமக்களை அழைக்கும் திட்டம் ஒன்று நடந்தது. கிரேக்கம் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை, வடிவத்தைப் பொருத்தத் தெரிந்தால் போதும். பதிப்பிக்க வேண்டிய துண்டுகள் இன்னும் லட்சக்கணக்கில் ஆக்ஸ்ஃபோர்டு நூலகப் பெட்டிகளில் இருக்கின்றன. தொகுதிகள் தொடர்ந்து வெளிவருகின்றன.