கையெழுத்தை எண்ணிய கதை

பிரச்சார இணையதளத்துக்கு வந்தவர்களில் எத்தனை பேர் மனுவில் கையெழுத்திட்டார்கள், எந்த வழியாக வந்தார்கள் என்று கணக்கு வைப்பதுதான் கன்வெர்ஷன் டிராக்கிங். கூகுள் காலத்துச் சரக்கு என்று நினைப்போம். இதன் பெரிய குளறுபடி ஒன்று 1848-லேயே லண்டனில் நடந்துவிட்டது.

அந்த ஏப்ரலில், வாக்குரிமை கேட்ட சார்ட்டிஸ்ட் இயக்கத்தார் நாடாளுமன்றத்துக்கு மனு கொண்டுபோனார்கள். 57 லட்சம் கையெழுத்து என்றார் தலைவர் ஃபியர்கஸ் ஓ'கானர். குமாஸ்தாக்கள் எண்ணியபோது தேறியது 19,75,496. அதிலும் விக்டோரியா மகாராணி, வெலிங்டன் பிரபு பெயரெல்லாம் கிடந்தன. உண்மையாகக் கையெழுத்திட்ட லட்சக்கணக்கானோரை மறந்துவிட்டு, ஊரே போலிகளைப் பற்றிப் பேசிச் சிரித்தது.

அமெரிக்காவில் தபால் வழியே பொருள் விற்ற வியாபாரிகள் அதே கணக்குக்கு வேறு வழியில் வந்தார்கள். ஒவ்வொரு பத்திரிகையிலும் போட்ட கூப்பனில் ஒரு குறியீட்டை மட்டும் மாற்றி அச்சிட்டார்கள். வெட்டி அனுப்பிய கூப்பன் வந்து சேர்ந்ததுமே, எந்தப் பத்திரிகை ஆள் பிடித்தது என்று தெரிந்துவிடும். விளம்பர நிபுணர் கிளாட் ஹாப்கின்ஸ் 1923-ல் வெளியிட்ட விளம்பர நூலில் இந்த முறையை அடித்துச் சொன்னார்.

1994-ல் உலாவி நிறுவனமான நெட்ஸ்கேப்பின் லூ மான்டுலி, கடைத்தளத்தில் வாங்குபவரின் கூடையை நினைவில் வைக்கக் குக்கீயை உருவாக்கினார். ஒரு தளத்தின் குக்கீயை இன்னொரு தளம் படிக்க முடியாதபடிதான் அமைத்தார். விளம்பர நிறுவனங்களோ பல தளங்களில் தங்கள் படத்தைப் பதித்து, அந்தப் படத்தோடு தங்கள் குக்கீயையும் அனுப்பின. வேலி தாண்டியாகிவிட்டது. 2005-ல் சான் டியேகோவின் அர்ச்சின் நிறுவனத்தைக் கூகுள் வாங்கி, தள வருகையை அளக்கும் அதன் மென்பொருளை அனலிட்டிக்ஸ் என்று இலவசமாகத் திறந்துவிட்டது. கூட்டம் தாங்காமல் புதிய பதிவுகளைச் சில காலம் நிறுத்தவே வேண்டியிருந்தது. வந்த வழியைச் சொல்ல இணைப்புகளின் வாலில் இன்றும் தொங்கும் யூ.டி.எம். குறியீடு அர்ச்சின் விட்டுச்சென்ற சொத்து.

இந்தியா சேர்த்த பங்கு மிஸ்டு கால். 2011 ஊழல் எதிர்ப்புப் போராட்டத்தில் ஆதரவைக் காட்ட ஒரு எண்ணுக்கு அடித்து வைத்தால் போதும். அழைப்பவருக்குச் செலவில்லை, எண் பதிவாகிவிடும். 2015-ல் இணையச் சமநிலைக்காக 'சேவ் தி இன்டர்நெட்' தளம் வழியே தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய்க்குப் பத்து லட்சத்துக்கும் மேல் மின்னஞ்சல்கள் குவிந்தன. 2016 பிப்ரவரி 8 அன்று, தளத்துக்குத் தளம் வேறு கட்டணம் வசூலிப்பதை டிராய் தடைசெய்தது.

இந்தக் கணக்கு முறையை நாமக்கல் மாவட்டத்தின் கொல்லிமலைக்குக் கொண்டுபோவோம். அங்கே சாமையும் தினையும் விளைந்த காடுகளை, ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகும் மரவள்ளி பிடித்துக்கொண்டது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மலைவாசிகளோடு சேர்ந்து பழைய ரகங்களை மீட்கப் பல ஆண்டுகள் உழைத்திருக்கிறது. சாமையை ரேஷனில் சேர்க்கச் சொல்லி ஒரு மனுத்தளம் தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். அடிவாரக் காரவள்ளியில் ஒரு கியூ.ஆர். அட்டை, செம்மேடு பேருந்து நிலையத்தில் ஒன்று, சோளக்காடு சந்தையில் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குறியீடு. ஹாப்கின்ஸின் கூப்பன் 70 கொண்டை ஊசி வளைவு ஏறிவிட்டது!

எதை எண்ணுவது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். 'நன்றி' பக்கம் திறந்தாலே ஒரு கையெழுத்து என்று அமைத்துவிடுவார்கள். சிக்னல் விட்டுவிட்டு வரும் மலையில் ஒருவர் அந்தப் பக்கத்தை மூன்று முறை ரீலோட் செய்தால், எண்ணிக்கையும் ஏறிக்கொண்டே போகக்கூடும். 1848-ன் வியாதிதான் இது. படிவம் சர்வரில் பதிவான பிறகே ஒன்று கூட்ட வேண்டும். ஒரே கைபேசி எண் இரண்டாம் முறை வந்தால் தள்ள வேண்டும். சந்தையில் காகிதத்தில் கையெழுத்திட்ட பாட்டிமாரை அனலிட்டிக்ஸுக்குத் தெரியவே தெரியாது. அந்தத் தாள்களையும் தனிக் கணக்காக ஏற்றாவிட்டால், மலையே கேட்ட சாமையைச் சென்னைக்காரர்கள் மட்டும் கேட்டதாக ஆகிவிடும். பெயரும் எண்ணும் மனுவோடு நாமக்கல் கலெக்டருக்குப் போகட்டும். கூகுளுக்கு எண்ணிக்கை போதும்.