பட்டியலில் இல்லாத திராட்சை

மிளகு வாசம் அடிக்கும் திராட்சை ஒன்று இருக்கிறது. இத்தாலியின் வடகிழக்கு மூலையில், ஸ்லோவேனியா எல்லையை ஒட்டிய ஃப்ரியூலி பகுதிக்குச் சொந்தமானது. பெயர் ஸ்கியோப்பெத்தீனோ. படபடவென்று வெடிக்கிற சத்தத்தை ஒட்டி வந்த பெயர். கடித்தால் தோல் பட்டென்று தெறிக்கும், அதனால்தான் என்கிறார்கள் சிலர். ஒயின் புளிக்கும்போது பொங்கி நுரைக்கும், அதனால் என்கிறார்கள் வேறு சிலர்.

மிளகு வாசம் வெறும் கற்பனை இல்லை. ரோட்டண்டோன் என்ற வேதிப்பொருள்தான் காரணம். நம் ரசத்தில் தட்டிப் போடும் மிளகின் வாசனைக்கும் அதற்குப் பெரிய பங்கு உண்டு என்று 2008-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள்.

ஆனால் என்னை இழுத்தது வாசனை அல்ல, இந்தக் கொடி அழிவின் விளிம்புக்குப் போன விதம்.

19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவிலிருந்து வந்த ஃபிலோக்ஸெரா என்ற பூச்சி ஐரோப்பியத் திராட்சைக் கொடிகளை வேரோடு காலி செய்தது. அமெரிக்கக் கொடியின் வேரில் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக் கட்டுவதுதான் கடைசியில் கிடைத்த தீர்வு. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, கவனியுங்கள். எந்த ரகத்தை ஒட்டுக் கட்டுகிறோமோ அதுதான் பிழைக்கும். ஃப்ரியூலியில் மெர்லோ, கபெர்னே போன்ற பிரெஞ்சு ரகங்கள் பரவின. உள்ளூர் ரகங்கள் பல ஓரங்கட்டப்பட்டன. பூச்சி பாதி கொன்றது என்றால், மனிதர்களின் தேர்வு மீதியைக் கொன்றது.

அடுத்து வந்தது சட்டம். ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம், ஒவ்வொரு மாகாணத்திலும் ஒயினுக்காக எந்த ரகங்களை நடலாம் என்று பட்டியல் வைத்திருந்தது. 1970களின் தொடக்கத்தில் ஊதினே மாகாணத்துக்கான பட்டியலில் ஸ்கியோப்பெத்தீனோ இல்லை. அதாவது, அது பிறந்த மண்ணிலேயே அதை நடுவது சட்டவிரோதம்! யாரும் பெரிதாக நடாததால் பட்டியலில் இல்லை. பட்டியலில் இல்லாததால் யாரும் நட முடியாது. எங்கள் தொழிலில் இதற்கு டெட்லாக் என்று பெயர். யாராவது வெளியிலிருந்து வந்து உடைத்தால்தான் உண்டு.

உடைத்தவர்கள் பாவ்லோ, தீனா ராப்புட்சி தம்பதி. 1970-ல் ப்ரெபோட்டோ ஊருக்குப் பக்கத்தில் சியால்லா என்ற இடத்தில் நிலம் வாங்கினார்கள். பழைய தோட்டங்களில் தேடித் தேடிப் பார்த்தால், மிஞ்சியிருந்த கொடிகள் நூறு கூடத் தேறவில்லை. அவற்றிலிருந்து குச்சி வெட்டி, அனுமதி இல்லாமலேயே நட்டார்கள். கிராப்பா என்ற சாராயம் காய்ச்சும் நொனினோ குடும்பம், இப்படி அழியும் ரகங்களைக் காப்பவர்களுக்காக 1975-ல் ஒரு பரிசை ஏற்படுத்தியது. பெயர் ‘ரிசித் தாவ்ர்’; ஃப்ரியூலி மொழியில் ‘தங்கக் கொடிக்கன்று’ என்று பொருள். 1976-ல் அந்த முதல் பரிசு ராப்புட்சி குடும்பத்துக்குப் போனது. சட்டத்தை மீறியவருக்கு மேடை போட்டுப் பரிசு! விஷயம் வெளியே பேசப்பட்டது. 1970களின் பிற்பகுதியில் ஸ்கியோப்பெத்தீனோவும், அதே நிலையில் இருந்த பின்யோலோ, தாத்செலெங்கே ரகங்களும் பட்டியலில் ஏறின.

பட்டியல் போட்டவர்களை வில்லன்களாக்க நான் விரும்பவில்லை. தரத்தைக் காப்பதும் உற்பத்தியை ஒழுங்குபடுத்துவதும்தான் அவர்கள் நோக்கம். ஆனால் பட்டியல் என்பது அது தயாரான நாளில் கண்ணில் பட்டதை மட்டுமே பதிவு செய்யும். பதிவில் இல்லாததை, உலகத்திலேயே இல்லாததாக நடத்த ஆரம்பிக்கும்போதுதான் ஆபத்து.

அனுமதியைப் பின்னாலும் வாங்கிக்கொள்ளலாம், கொடியை அப்படி வாங்க முடியாது. லாபமில்லை என்று தெரிந்தும், வரப்போரத்தில் பழைய கொடி நாலைந்தைப் பிடுங்காமல் விட்டுவைத்த பெயர் தெரியாத விவசாயிகள் இருந்தார்களே, அவர்கள் இல்லையென்றால் ராப்புட்சி தேடியிருந்தாலும் கிடைத்திருக்காது.