ஆசிரமம்

ஆசிரமத்துக்கும் சிரமத்துக்கும் வேர் ஒன்றே. 'உழை, வருந்து' என்று பொருள்படும் 'ச்ரம்' என்ற வடமொழி வினையிலிருந்து பிறந்தவை இவை. ஆக, முதற்பொருளில் ஆசிரமம் ஓய்விடம் அல்ல. தவம் என்னும் கடும் உழைப்பு நடக்கும் இடம். பிரம்மச்சரியம் தொடங்கித் துறவு வரையான நான்கு வாழ்க்கை நிலைகளுக்கும் இதே பெயர்தான். ஈழத் தமிழில் இது ஆச்சிரமம்.

இருபதாம் நூற்றாண்டில் சொல் விரிந்தது. காந்தியின் சபர்மதி, திருவண்ணாமலை ரமணாசிரமம் மட்டுமல்ல, 1921இல் திருப்பத்தூரில் கிறிஸ்தவர்கள் தொடங்கியதும் 'கிறிஸ்துகுல ஆசிரமம்'தான்.

பிறகு செய்தித்தாள்கள் இதற்கு வேறொரு நிறம் பூசின. இலங்கையில் பிறந்த சாமியார் பிரேமானந்தா, திருச்சி அருகே நடத்திய ஆசிரமத்தில் சிறுமிகளை வன்புணர்ந்ததாகவும் ஒருவரைக் கொன்றதாகவும் 1994இல் கைதானார். 1997இல் புதுக்கோட்டை நீதிமன்றம் இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது. உச்ச நீதிமன்றமும் 2005இல் அதை உறுதிசெய்தது. பிரேமானந்தா 2011இல் இறந்தார். அங்கிருந்த பிள்ளைகளில் பலர் ஆதரவற்றவர்கள். புகார் சொல்ல வெளியே யார் இருந்தார்கள்?

2022இல் வந்த 'மை டாட்டர் ஜாயின்ட் எ கல்ட்' என்னும் மூன்று பகுதி ஆவணப்படம் சாமியார் நித்யானந்தாவின் பிடதி ஆசிரமத்தைப் பற்றியது. முன்னாள் சீடர்கள் கேமரா முன் அடி, மிரட்டல், கட்டுப்பாடு என்று அடுக்குகிறார்கள்; அவர் தரப்பு குற்றச்சாட்டுகளை மறுக்கிறது. தலைப்பிலுள்ள 'கல்ட்'டுக்கு ஈடாகத் தமிழில் ஒரு சொல் இன்னும் நிலைக்கவில்லை. 'சாமியார் மடம்' என்ற கேலியே வேலையைப் பார்த்துக்கொள்கிறது.